வெள்ளிக்கிழமை வாளி

அக்கா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி யாராவது கேட்டால், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாத மனுஷி என்றுதான் சொல்லத் தோன்றும். மீன் விற்கிறவருக்கு இப்படி ஒரு குணமா என்று சிரிப்பார்கள். அந்தக் குணம் அவரை என்ன பாடு படுத்தியது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான்.

குமணன்சாவடி சிக்னலைத் தாண்டினால் ரோட்டோரம் மீன் கடைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று அவருடையது. ஒரு பலகை, மேலே நீலத் தார்ப்பாய், ஒரு தராசு, அவ்வளவுதான் கடை. பலகைக்குப் பக்கத்தில் தரையில் அரிவாள்மனை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவர் எடை போட்டுக் கொடுப்பதைச் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவது என் வேலை. நாலு பேருக்கு எதிரே எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார்.

“கொழம்புக்கா வறுவலுக்கான்னு என்னாண்ட சொல்லு கண்ணு. அவனாண்ட கேட்டா மீனு வரும், பேச்சு வராது.”

என்னை அவர் ‘நைனா’ என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் அக்கா என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஒரு நாள் பொறியில் பெருச்சாளி பிடித்தார். பொறியோடு தண்ணீரில் முக்கிக் கொன்றுவிடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார். மீன் கடையில்தானே பெரிய டிரம் இருக்கிறது. அக்கா பொறியை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். கதவைத் தூக்கி விட்டுவிட்டு, காலிப் பொறியோடு திரும்பி வந்தார். மறுநாள் டீக்கடையில் பன் பாக்கெட் எல்லாம் கிழிந்து கிடந்தது.

“ஏம்மா, புண்ணியம் உனுக்கு, பன்னு எனுக்கா?” என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

“ரெண்டு பன்னு போனா ஏழையா பூடுவ? அதுக்கும் வவுறு கீதுல்ல?”

“அதுக்கு வவுறு கீதுன்னு என் கடையையா எழுதி வெப்பாங்க?”

அக்கா சிரித்துக்கொண்டே வஞ்சிர மீன் மேல் ஐஸ் அள்ளிப் போட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் ஆவடிப் பக்கம் வேறு ஒரு குடும்பத்தோடு இருந்தார். இது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த ஒரு கடைக்காரி, ‘உன் ஊட்டுக்காரரு ஓடிட்டாராமே’ என்று கேட்டுவிட்டாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. “ஓடல. நான்தான் வுட்டேன். புடிச்சி வெச்சா நாறிடும்மா. மீனுன்னாலும் சரி, ஆம்பளன்னாலும் சரி.” நான் குனிந்து சங்கரா மீனின் செவுளைப் பார்த்துக்கொண்டேன்.

இந்தக் குணத்தோடு ஒட்டியதுதான் வெள்ளிக்கிழமை வாளி.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை மீன் ஓடாது. அக்கா கடை போட மாட்டார். அதற்கு முந்தைய நாட்களில் மினி லாரியில் நீல டிரம்கள் வரும். உள்ளே உயிரோடு கெளுத்தி. நாட்டுக் கெளுத்தி என்று சொல்லித்தான் இறக்குவார்கள். பெரிய மீன்களுக்கு நடுவே விரல் நீளக் குட்டிகளும் கலந்து வரும். மற்ற கடைகளில் அவற்றைப் பூனைக்குப் போடுவார்கள், இல்லையென்றால் எடையில் சேர்த்துவிடுவார்கள். அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பழைய பெயிண்ட் வாளியில் விடுவார். வேளைக்கு வேளை தண்ணீர் மாற்றுவார். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வாளியோடு ஷேர் ஆட்டோ ஏறி, பிறந்த ஊரான பாரிவாக்கத்துக்குப் போவார். அங்கே ஏரிக்கரையில் மஞ்சள் பூசிய கன்னியம்மன் கல் ஒன்று உண்டு. கற்பூரம் ஏற்றிவிட்டு வாளியை ஏரியில் சாய்ப்பார்.

இது அவராகக் கண்டுபிடித்தது இல்லை. அவர்களுடையது பயிர் வைத்த குடும்பம். கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் அள்ளும். அப்போது கையில் வரும் குஞ்சுகளை மட்டும் மதகை ஒட்டித் தேங்கி நிற்கும் பள்ளத்தில் திரும்ப விட்டுவிட வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். ஏரியில் எடுத்ததை ஏரிக்கே கொடுப்பது. அக்கா அதை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தார். “அறுக்குற கை கொஞ்சம் வுடவும் வுடணும் நைனா,” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு முழங்கால் வலி. வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. அக்கா என் தோளைத் தட்டிக் கோரைக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே தண்ணீர் மட்டும் உலை கொதிக்கிற மாதிரி பொங்கியது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. விரால் குஞ்சு. ஒவ்வொன்றும் செந்நிறமாக, கொத்தாகச் சேர்ந்து மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு கீழே போயின. பிறகு சற்றுத் தள்ளி மறுபடியும் கொதித்தது.

“கீழ பாரு. கட்ட மாறி கெடக்குதே, அதான் அப்பன்காரன். சோறு தண்ணி இல்லாம காவ காக்குறான். கொக்கு கிட்ட வந்தாகூட பாய்வான்.”

“எத்தினி நாளைக்கு?” என்று கேட்டேன்.

“கறுக்குற வரைக்கும். செவப்பா கீற வரைக்கும் எவன் வேணா துன்னுவான். கறுத்துடுச்சுன்னா சேறு எது, குஞ்சு எதுன்னு தெரியாது. அப்பால அப்பனும் ஆத்தாளும் வுட்டுட்டுப் போயிடும். அதுங்க பாட்டுக்குப் பொழச்சிக்கும்.”

கரை நெடுக அப்படிப் பல இடங்களில் தண்ணீர் கொதித்தது. அக்கா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார். பிறகு கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, வாளியைச் சாய்த்தார். கெளுத்திக் குட்டிகள் மீசையை ஆட்டிக்கொண்டு சேற்றுக்குள் போயின.

விஷயம் பரவி, அடுக்குமாடியில் இருப்பவர்கள்கூட அக்காவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வேலை மாறி ஊரைக் காலி செய்கிறவர்கள், கண்ணாடித் தொட்டி மீன்களை என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டுவருவார்கள். வாயால் கண்ணாடியைச் சப்பிக்கொண்டு கிடக்கும் கறுப்பு மீன் ஒன்று வந்தது. உடம்பு முழுக்க ஓடு மாதிரி. “மூஞ்சப் பாரு, எங்க மாமியா மாறியே கீது,” என்று சொல்லிக்கொண்டே அதையும் வாளியில் போட்டுக்கொண்டார். உயிரோடு எது வந்தாலும் அதற்கு ஏரியில் இடம் உண்டு என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாளி பக்கத்தில் இருக்கும்போது அரிவாள்மனை முன்னால் உட்காருவது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

ஐயப்பன்தாங்கல் பக்கம் குடியிருந்த ஒரு பெண் ஞாயிறுதோறும் வருவாள். திருநெல்வேலிக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மீனைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிந்தவள். ஒரு தடவை வியாழக்கிழமை வந்தவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எக்கா, இது யாருக்கு?”

“யாருக்கும் இல்ல கண்ணு. நாளைக்கு ஏரில வுடப்போறேன்.”

“ஐயோ, விட்டிராதிய. இது நாட்டுக் கெளுத்தி இல்லக்கா. உடம்பப் பாருங்க, சேறு தெறிச்ச மாதிரி திட்டுத் திட்டா இருக்குல்லா? இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. எங்க ஊர்க் குளத்துல ஒருத்தர் கொண்டாந்து விட்டாரு. இப்பம் வலையப் போட்டா இது ஒண்ணுதான் வருது. அயிரை இல்ல, விரால் இல்ல, எல்லாத்தையும் தின்னுட்டு.”

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “ஆப்பிரிக்காலேர்ந்து குமணன்சாவடிக்கி எந்த பஸ்ல வந்துச்சாம்?”

“ஐயப்பன்தாங்கல் டிப்போல எறங்கி மாறிகினு வந்திருக்கும்!” என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் போகும்போது திரும்பி, “நெசமாத்தான்க்கா சொல்லுதேன்,” என்றாள்.

“சரி கண்ணு, சரி,” என்று அனுப்பிவிட்டு என்னிடம், “கம்ப்யூட்டர்ல மீனு பாக்குற பொண்ணு,” என்றார். மறுநாள் வாளி வழக்கம்போல ஏரிக்குப் போனது.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் கொதிக்கிற இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் குறைவு. அக்கா கழிவுநீரைத் திட்டினார். கரையோரம் மண் கொட்டி மனை போட்டவர்களைத் திட்டினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. வீடுகள் கரை வரைக்கும் வந்துவிட்டிருந்தன.

அக்காவின் கூடப் பிறந்த தம்பி பாரிவாக்கத்திலேயே இருந்தார். கொத்தனார். வேலை இல்லாத நாட்களில் ஏரியில் தூண்டில் போடுவார். அக்கா மேல் உயிர். ஒரு காலை பைக் ஹாண்டில்பாரில் ஒரு மீனை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அதன் வால் தரையைத் தொட்டது.

“இன்னாடா இது, மலைப்பாம்பா?”

“நம்ம ஏரிக் கெளுத்திக்கா! கோழிக்கொடல் போட்டேன். மாடு மாறி இழுக்குது. எல்லாருக்கும் பங்கு போடு.”

எடுத்துப் பார்த்தேன். தலை என் இரண்டு கைகளையும் விட அகலம். பழுப்பு உடம்பில் திட்டுத் திட்டாகச் சேறு தெறித்த மாதிரி. வயிற்றைக் கிழித்தேன். மீன் வெட்டுகிறவனுக்கு வயிற்றுக்குள் இருப்பது புதிது இல்லை. எது எதைத் தின்றது என்று தினமும் பார்க்கிறவன்தான். இதில் நத்தை ஓடு இருந்தது. ஜிலேபி மீனின் தலை இருந்தது. ஏதோ பறவையின் இறகு இருந்தது. அவற்றுக்கு அடியில் ஒரு கை நிறைய விரால் குஞ்சு. அப்போதுதான் விழுங்கியிருக்க வேண்டும். நிறம் மாறவில்லை. சிவப்பாகவே இருந்தன.

தட்டில் வழித்து எடுத்து அக்கா பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் ஒரு குஞ்சை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வாங்க வந்த அம்மா “எனக்கு அரைக் கிலோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவுக்குக் காது கேட்கவில்லை.

“நான் வுட்டதா நைனா?”

நான் கத்தியைத் துடைத்தேன்.

“சேச்சே, இன்னாக்கா நீ?” என்றார் தம்பி. “வெள்ளத்துல எங்கேந்தோ வந்துருக்கும். எத்தினி பேரு குட்டை வெட்டி இத்த வளக்குறான். நீ வுட்ட நாலு குட்டியா ஏரிய துன்னுச்சி?”

“நாலா? எத்தினி வெள்ளிக்கெயம டா? எத்தினி வாளி? எனுக்குத் தெரியாதா?”

தம்பி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வெள்ளத்தில் குட்டைகள் உடைந்ததை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அக்காவுக்கு அந்த ஆறுதல் ஒட்டவே இல்லை. திருநெல்வேலிப் பெண் அடுத்த ஞாயிறு வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்ணு, வுட்டத்த எப்டித் திருப்பி எடுக்கறது?” என்று கேட்டார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “எங்க ஊர்ல முடியலக்கா,” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

அன்றிலிருந்து விடுகிற அக்கா பிடிக்க ஆரம்பித்தார். காலையில் கடை. மதியம் பக்கத்துக் கோழிக்கடையில் குடல் வாங்கிக்கொண்டு ஏரி. முழங்காலுக்கு மேலே புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் நின்று தூண்டில் போடுவார். கெளுத்தி வந்துகொண்டே இருக்கும். பிடித்துவிடுவார். கொல்ல வராது. அத்தனை வருஷம் மீன் விற்றவர்தான்; கடையில் உயிரோடு வந்ததையும் வெட்டியது நான். ஆனால் உயிரோடு இருப்பதன் தலையில் கல்லைப் போடக் கை எழாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுவார். கல் தரையில் விழும். மறுபடி எடுப்பார். விற்கலாமே என்று மற்றவர்கள் சொன்னார்கள். “அத்த வித்து சோறு துன்ன சொல்றியா?” என்று கேட்டுவிட்டு, தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

ஒரு நாள் கோணிப்பையில் போட்டுக் கரையில் வைத்திருந்தார். தூறல் விழுந்தது. ஈரம் பட்டதும் பைக்குள் இருந்தவை உயிர் பெற்ற மாதிரி அசைந்தன. பையின் வாய் நெகிழ்ந்து ஒன்று வெளியே வந்தது. பக்கத்துத் துடுப்புகளை ஊன்றி, உடம்பை நெளித்து, புல்லில் நடந்து ஏரிப் பக்கம் போனது. பின்னாலேயே இன்னொன்று. அக்கா தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். வழுக்கி உட்கார்ந்தவாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போனார். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது.

“மண்ணுல நடந்து போவுதே நைனா. தண்ணிலயும் நீந்துது, தரையிலயும் நடக்குது. இத்த எங்க போயி நிறுத்துவேன்?”

அந்த வருஷம் ஏரி முழுக்கச் சுற்றியதில் ஒரே ஓர் இடத்தில்தான் தண்ணீர் கொதித்தது. மதகுக்குப் பக்கத்தில். அக்கா கடையைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, குடையும் தடியுமாக. கொக்கு வந்தால் விரட்டினார். நாய் வந்தால் விரட்டினார். தூண்டில் பையன்களை வாயாலேயே விரட்டினார். ஆனால் கெளுத்தி இரை தேடுவது இருட்டில். அதை எந்தத் தடியால் விரட்டுவது?

மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பன் விரால் மட்டும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கோரைக்குள் போகும், வெளியே வரும், மறுபடி போகும்.

“தேடுது,” என்றார் அக்கா.

அன்று அவர் ஏரிக்குள் இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. வலையை வீசினார். சிக்கியதைக் கையாலேயே அள்ளிக் கரையில் எறிந்தார். அதில் ஒன்று துள்ளி விழுந்து, அதன் பக்கத்து முள் அவர் பாதத்தில் ஆழமாக ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி அதே தண்ணீரில் இறங்கினார். “வாக்கா, போலாம்,” என்று சொல்லிப் பார்த்தேன். “இன்னும் ஒண்ணு நைனா. இன்னும் ஒண்ணு.” அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. புண் ஆறவில்லை. பாதம் கறுத்தது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உயிர் வேண்டுமானால் கால் போக வேண்டும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் தம்பி வீட்டில் கட்டிலில் இருந்தார். வெட்டிய இடம் ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. நான் வேறு கடையில் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். உள்ளே நுழைந்ததுமே கேட்பார்.

“தண்ணி கொதிச்சுதா?”

இல்லை என்பேன்.

“இன்னொரு சுத்து சுத்திட்டு வாயேன்.”

மறுபடி போவேன். கரை முழுக்க நடந்து, கோரை கோரையாகப் பார்த்துவிட்டு வருவேன். என் முகத்தைப் பார்த்ததுமே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு தடவை சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “ஒரே ஒரு கூட்டம் கறுத்துட்டா போதும் நைனா. ஏரி பொழச்சிக்கும். அத்த மட்டும் கேட்டுட்டு நான் போயிடுவேன்.”

மழை விட்டு வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நான் போனபோது வீட்டில் மீன் குழம்பு வாசனை. எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை செய்ய மாட்டார்கள். ஆனால் புண் ஆற விரால் கொடுப்பது எங்களுக்குள் உண்டு. நாளும் கிழமையும் நோயாளிக்கு இல்லை. தம்பி மனைவி சோற்றில் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்தாள். தம்பி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பரிசு கொடுத்தவர் பிரிப்பதைப் பார்க்கிற மாதிரி.

அக்கா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பல நாளுக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு மெல்லுவது நின்றது.

“இது கட வெராலு இல்ல. பண்ணத் தீனி வாசன இல்ல. ஏது இது?”

“கண்டுபுட்ச்சிட்டியா!” தம்பி உள்ளே வந்துவிட்டார். “நம்ம ஏரிதான்க்கா! வெராலே இல்லன்னு அழுதியே, தோ பாரு, கீது! உன் காலுக்குன்னே கன்னியம்மா குடுத்துருக்கு.”

“எங்க புட்ச்ச?”

“கலங்கலாண்ட, அந்த மொனையில. கஷ்டமே இல்லக்கா. குஞ்சு மேல நின்னுச்சி. தூண்டில்ல ரப்பர் தவளைய மாட்டி குஞ்சு நடுவுல போட்டேன். பசிக்கிக்கூட இல்ல, கோவத்துல வந்து கவ்விச்சி. அப்பறம் அத்தோட ஜோடியும்…”

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது.

அக்கா தட்டைத் தள்ளவில்லை. கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தார். மீனின் முதுகு எலும்பு குழம்பில் தெரிந்தது. தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டையுமா?” என்று கேட்டார் அக்கா.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டார். “உன் காலு ஆறட்டும்னுதான்க்கா…”

“தெரியும்டா.” அந்தக் கையாலேயே தம்பியின் தலையைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “போ நைனா. அதுங்க தனியா கீது.”

ஓடினேன். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் இடம், கரையின் கடைசி முனை. அங்கே கோரைக்கும் ஒரு புதிய காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன மூலை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் தேடி நடந்த அத்தனை நாளும் இல்லாத கொதிப்பு. சிவப்பாக, கொத்தாக, சேர்ந்தே மேலே வந்து சேர்ந்தே கீழே போயின. அடியில் ஒன்றும் இல்லை. ஜிலேபி மீன்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கொத்துக்கும் கூட்டம் சிதறி, மறுபடி சேர்ந்தது. சேர்ந்த இடத்திலேயே நின்றது. தகப்பன் இருந்த இடத்தை விட்டு நகர அவற்றுக்குத் தெரியவில்லை.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். கையால் அடித்து ஜிலேபியை விரட்டினேன். குஞ்சுகளும் பயந்து ஓடின. அடிப்பதை நிறுத்தினால் ஜிலேபி வந்தது. அடித்தால் குஞ்சுகள் கோரையை விட்டு வெளியே போயின. என்ன செய்வது என்று தெரியாமல், அடிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றேன். நீர்க்காகம் ஒன்று சுவர் மேல் வந்து உட்கார்ந்தது. அதைக் கத்தி விரட்டினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பொழுது சாய்கிற நேரத்தில் தம்பி வந்தார். எனக்கு எதிர்ப் பக்கம் இறங்கி நின்றார். கண் வீங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். “அக்கா. உன்னாண்டதான் பேசணுமாம்.”

ஈரக் கையோடு வாங்கிக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“நைனா. கறுத்துகினு வருதா?”

குனிந்து பார்த்தேன். கூட்டம் ஒரு தடவை மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு போனது. சுவரின் நிழல் தண்ணீரைப் பாதி மூடிவிட்டது. அந்த நிழலுக்கு அடியில், கோரைத் தண்டுகளை ஒட்டி, ஏதோ பெரிதாகச் சேற்றைக் கலக்கிக்கொண்டு அசைந்தது. தம்பியும் அதைப் பார்த்துவிட்டார்.

“சொல்லு நைனா.”

“இல்லக்கா,” என்றேன். “செவப்பாத்தான் கீது.”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“அப்ப வந்துடாத,” என்றார். “அங்கியே நில்லு.”

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.